பரணை விட்டு வந்த பாட்டு

மாரி வெள்ளாமை வெட்டி முடிந்து வயல்களில் வைக்கோல் காய்ந்துகொண்டிருந்த நாட்களில் நாம் வரிப்பத்தான்சேனைக்குச் சென்றிருந்தோம். அம்பாறை மாவட்டத்தில், இறக்காமம் பிரதேச செயலகப் பிரிவில் உள்ள முஸ்லிம் விவசாயக் கிராமம் அது. பெயரிலேயே சேனை இருக்கிறது. காட்டையும் வயலையும் நம்பி வாழ்ந்த மக்களின் ஊர் என்பதை அந்தப் பெயரே நினைவூட்டுகிறது.

விதைநெல், உரத்தின் விலை, தொலைந்துபோன காணி உறுதிகள் என்று வழமையான விடயங்களைப் பேசவே போயிருந்தோம். பேச்சு முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, திண்ணையின் ஓரத்தில் இருந்த முதியவர் ஒருவர் தமக்குள்ளே ஏதோ முனகுவது கேட்டது. ஓதுகிறார் என்றே முதலில் நினைத்தோம். காது கொடுத்துக் கேட்டபோதுதான் அது கவி என்று தெரிந்தது. எமது வயல்வெளிகளில் ஒரு காலத்தில் இரவெல்லாம் கேட்ட அதே நாட்டுக்கவி.

அவர் எண்பது வயதைத் தாண்டியவர். வரிப்பத்தான்சேனை அவர் பிறந்த ஊர் அல்ல. 1990இல் குழப்பம் மூண்டபோது வயலையும் வாடியையும் மாடுகளையும் விட்டுவிட்டு, உடுத்த உடுப்போடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு உறவினர் வீட்டுக்கு வந்தவர். இன்று மகளின் வீட்டில் இருக்கிறார்.

எம்மோடு வந்திருந்த ஊர்த் தம்பி ஒருவர், “கொஞ்சம் உரத்துப் பாடுங்களன் அப்பா” என்று கேட்டார். முதியவர் சிரித்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். “பேத்தி இரிக்கிறாள். எல்லாக் கவியும் பாடேலா” என்றார். பிறகு கையைக் காதோரம் வைத்துக்கொண்டு இரண்டு கவிகளைப் பாடினார். முதற்சொல்லை நீட்டி, காற்றில் விட்டுவிட்டு, அது திரும்பி வருமா என்று பார்ப்பவர்போல நிறுத்தி, மீதி அடிகளைச் சொன்னார். வீட்டுக்குள் இருந்த பேரன் கைத்தொலைபேசியோடு வெளியே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றான். மூன்று வீடு தள்ளியிருந்த பெண்கள் வேலியருகே வந்துவிட்டார்கள்.

பாடி முடித்ததும் அவர் சொன்னது இதுதான்: “வயலுமில்ல, பரணுமில்ல. இனிக் கவி என்னத்துக்கு மகன்?”

இந்தக் கேள்வியோடுதான் நாம் திரும்பி வந்தோம். இடம்பெயர்ந்த எத்தனையோ குடும்பங்களின் கேள்வி அது. காணி போனால் அந்தக் காணியோடு சேர்ந்த பாட்டும் போக வேண்டியதுதானா? அல்லது பாட்டு மட்டும் எம்மோடு வருமா? வந்தால் அதனால் என்ன பயன்? இக்கட்டுரையில் அதைப்பற்றி உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

பரண் ஒரு பாடசாலை

இளைய தலைமுறைக்காக முதலில் சிலவற்றைச் சொல்லவேண்டும். கதிர் பால் பிடித்து முற்றத் தொடங்கியதும் பன்றியும் யானையும் வயலைத் தேடி வரும். வயலின் ஓரத்தில் மரத்திலோ கம்புகள் நட்டோ பரண் கட்டி, இரவு முழுவதும் ஆள் விழித்திருக்க வேண்டும். ஒரு வட்டைக்குள்ளே பல பரண்கள் இருக்கும். ஒரு பரணில் இருப்பவர் கவி ஒன்றைப் பாடினால், தூரத்துப் பரணில் இருப்பவர் அதற்குப் பதில் கவி பாடுவார். பாடுவதனால் நித்திரை கலையும். மனிதக் குரல் கேட்டால் மிருகமும் தயங்கும். அடுத்த பரணில் ஆள் இருக்கிறான் என்ற தைரியமும் பிறக்கும்.

இந்தக் கவிக்கு மேளமில்லை, தாளமில்லை, பக்கவாத்தியம் எதுவுமில்லை. பெரும்பாலும் நான்கு சிறிய அடிகள். தூரத்துக்குக் கேட்க வேண்டும் என்பதனாலே குரலை இழுத்துப் பாடினார்கள். இருட்டும் தூரமுமே அந்த இராகத்தை ஆக்கின என்று சொன்னால் தவறில்லை. காதலையும் மச்சான் மச்சியின் கேலியையும் மட்டும் பாடுவது கவி என்று பலர் எண்ணுகிறார்கள். பசியையும் பாடியிருக்கிறார்கள். மழை பொய்த்ததைப் பாடியிருக்கிறார்கள். கூலியைக் குறைத்துக் கொடுத்த போடியாரைப் பெயர் சொல்லாமல் குத்திக்காட்டியும் பாடியிருக்கிறார்கள்.

வெட்டிய நெல்லைச் சூடு வைத்து, களவெட்டியில் எருமைகளைக் கொண்டு மிதிக்கும்போது வேறு பாட்டு. அங்கே நெல்லுக்கும் பெயர் மாறிவிடும். ‘பொலி’ என்றே சொல்வார்கள். பொலி என்றால் பெருகு என்று பொருள். களத்தில் நிற்பவர் வாயில் பெருக்கத்தின் சொல்லே வரவேண்டும் என்பது எமது முன்னோரின் பண்பாடு.

முதியவர் தமது பத்தாவது வயதளவில் வாப்பாவோடு பரணுக்குப் போகத் தொடங்கினாராம். பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. “எனக்குப் படிப்புத் தந்தது அந்தப் பரண்தான்” என்றார். அங்கே என்ன படித்தீர்கள் என்று கேட்டோம். சற்று யோசித்து அவர் சொன்ன பதில் எம்மை நிமிர்ந்து உட்கார வைத்தது.

“அவன் கவியால குத்தினா நானும் கவியாலதான் குத்தணும். கோவிச்சா நான் தோத்த மாதிரி. வாயில வந்ததச் சொல்லேலா. அவன்ட கவிய முழுசாக் கேட்கணும், அதுக்குள்ள ஒரு சொல்லப் பிடிக்கணும், அதுல இருந்து பதில் கட்டணும். வாழ்க்கைக்கும் அதான் மகன்.”

மற்றவரை முழுவதும் கேட்பது, கோபத்தை அடக்குவது, அவருடைய சொல்லிலிருந்தே பதிலைத் தேடுவது. கூட்டங்களிலும் கருத்தரங்குகளிலும் நாம் எத்தனை முறை எடுத்துச் சொல்லும் பாடம் இது! அவருக்கு அதை இருட்டும் இசையும் கற்றுக்கொடுத்திருக்கின்றன.

இன்னொன்றும் சொன்னார். ஒரு போகம் முழுவதும் அவருக்குப் பதில் கவி பாடியவர் ஒரு தமிழர், கரையோரக் கிராமத்திலிருந்து வயல் செய்ய வந்தவர். முகம் தெரியாது. குரல் மட்டும் தெரியும். அறுவடைக்குப் பிறகு களவெட்டியில் சந்தித்தபோது, பேச்சுக் குரலைக் கேட்டதும் இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்களாம். அதன்பின் கலியாணத்துக்கும் மையத்துக்கும் போக்குவரத்து இருந்தது. 1990இற்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்கவில்லை. இருக்கிறாரா என்றும் தெரியவில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் அவருடைய குரல் தடுமாறியது.

காரைதீவில் பிறந்த ஒரு சிறுவன்

முதியவரின் கேள்விக்குப் பதில் தேடியபோது, எமது கரையிலேயே பிறந்த ஒருவரின் வாழ்க்கை நினைவுக்கு வந்தது. வரிப்பத்தான்சேனையிலிருந்து சம்மாந்துறைப் பக்கமாக வந்து கிழக்கே கடலை நோக்கிப் போனால் காரைதீவு. அந்த ஊரில் 1892இல் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்குப் பிறந்தவர் மயில்வாகனன். பின்னாளில் உலகம் அறிந்த சுவாமி விபுலாநந்தர் அவரே.

அவருடைய ஊர் கண்ணகை அம்மன் கோயில் உள்ள ஊர். கிழக்கிலங்கையின் கண்ணகை கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகியின் கதையை இசையோடு பாடுவது வழக்கம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தார். ஆசிரியரானார். கொழும்பில் விஞ்ஞானம் படித்தார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறினார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். யாழ்ப்பாணத்தில் கற்பித்தார். 1924இல் சென்னையில் துறவு பூண்டு விபுலாநந்தர் என்ற பெயரைப் பெற்றார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். இமயமலைச் சாரலில் உள்ள மாயாவதியில் சில ஆண்டுகள் தங்கிப் ‘பிரபுத்த பாரத’ என்ற ஆங்கில இதழை நடத்தினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக நாடு திரும்பினார்.

ஊர்விட்டு ஊர் போன வாழ்க்கை அது. அவர் தாமே விரும்பிப் போனவர், எம்மவர்களைப்போல் துரத்தப்பட்டவரல்லர். அந்த வேறுபாட்டை மறக்கவில்லை. ஆனாலும் எங்கே போனாலும் அவரை விடாமல் பின்தொடர்ந்தது ஒன்று உண்டு. அதுதான் இசை.

சிலப்பதிகாரம் கண்ணகியின் கதை. அதில் அரங்கேற்று காதை என்ற பகுதியில் பழந்தமிழரின் யாழைப் பற்றியும் இசையைப் பற்றியும் சில அடிகள் வருகின்றன. படித்தவர்களுக்கும் எளிதில் விளங்காத அடிகள். யாழ் என்ற கருவி பல நூறு ஆண்டுகளாக வழக்கொழிந்து போயிருந்தது. அதை வாசிப்பவரும் இல்லை, செய்பவரும் இல்லை. அந்த அடிகளின் பொருளைத் தேடிப் புறப்பட்டவர் பல ஆண்டுகளை அதிலே செலவிட்டார். பழைய பாட்டுக்களில் யாழைப்பற்றி வந்த ஒவ்வொரு சொல்லையும் சேர்த்தார். பழைய சிற்பங்களைப் பார்த்தார். தாம் படித்த விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் துணைக்கு அழைத்தார். சின்ன வயதில் ஊரில் கேட்ட கண்ணகி கதைக்கும், பெரியவரானபின் கண்ணகி காப்பியத்தில் தேடிய யாழுக்கும் தொடர்பு இருந்திருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம்.

அந்தக் கணிதம் எமக்கும் விளங்கக்கூடியதுதான். இழுத்துக் கட்டிய ஒரு நரம்பைத் தட்டினால் ஓர் ஒலி வரும். அதன் நடுவில் விரலை அழுத்திப் பாதி நீளத்தை மட்டும் தட்டினால் அதே ஒலி இன்னொரு படி மேலே கேட்கும். மூன்றில் இரண்டு பங்கை மட்டும் ஒலிக்கவிட்டால், முதலொலியோடு இனிமையாகப் பொருந்தும் வேறோர் ஒலி வரும். இன்று பஞ்சமம் என்று சொல்லும் அதைப் பழந்தமிழர் இளி என்றார்கள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களுக்கும் தமிழில் பெயர் இருந்தது. நரம்பின் நீளங்களைக் கணக்கிட்டு, பழைய பண்கள் எப்படி ஒலித்திருக்கும் என்பதை அவர் படிப்படியாகக் கட்டியெழுப்பினார்.

விவசாயிகளாகிய எமக்கு இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. யாழின் மிக எளிய வடிவம் வில்யாழ். பெரும்பாணாற்றுப்படை என்ற சங்க நூலில் அதை வாசிப்பவன் அரசனுமல்லன், அரசவைப் பாணனுமல்லன். மாடு மேய்க்கும் இடையன். குமிழ மரத்தின் கொம்பை வில்லாக வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டித் தானே செய்துகொள்கிறான். மேய்ச்சல் நிலத்தில் உழைக்கும் மனிதன் கையில் கிடைத்ததைக் கொண்டு செய்த கருவியும் பேரரங்குகளில் ஒலித்த பெரிய யாழும் ஒரே குடும்பம்தான். பரணில் பாடிய கவியைச் ‘சும்மா நாட்டுப்புறத்தான் பாட்டு’ என்று யாராவது இகழ்ந்தால், இந்த இடையனை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆராய்ச்சி நடந்த காலமெல்லாம் அவர் நூலகத்துக்குள் ஒடுங்கிக் கிடக்கவில்லை. 1929இல் மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கியவர் அவர். ஏழைப் பிள்ளைகளும் அநாதைப் பிள்ளைகளும் படிக்கவேண்டும் என்பது அவரது ஓயாத கவலை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, அருகிலுள்ள திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் சேரிக்குப் போய்க் கற்பித்தார். இசையில் எந்தச் சுரமும் தாழ்ந்ததல்ல, ஒன்றில்லாமல் மற்றொன்று நிறைவடையாது. மனிதரையும் அவர் அப்படியே பார்த்தார் என்று சொல்லத் தோன்றுகிறது.

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களையும் அவர் மறக்கவில்லை. முழுநிலவு இரவுகளில் கல்லடிப் பாலத்தருகே நீருக்குள்ளிருந்து வரும் அந்த ஒலியை நீரரமகளிரின் இசையாகக் கற்பனை செய்து பாடியிருக்கிறார். 1950களில் அருட்தந்தை லாங் என்ற இயேசு சபைக் குரு அதே ஒலியைப் பதிவுசெய்ய, இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது. ஒருவர் செய்யுளாக்கினார், மற்றவர் நாடாவில் பிடித்தார். இருவரும் செய்தது ஒன்றுதான். தாம் கேட்டதை மற்றவரும் கேட்கச் செய்தார்கள்.

‘யாழ்நூல்’ 1947 ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டின் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. தஞ்சாவூர் கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதை வெளியிட்டது. அவருடைய கணக்குப்படி செய்யப்பட்ட யாழின் ஓசையை மக்கள் அங்கே கேட்டார்கள். பல நூறு ஆண்டுகளின் மௌனம் அன்று கலைந்தது. சில வாரங்களில், 1947 ஜூலை 19இல், சுவாமிகள் கொழும்பில் காலமானார். அவருடைய உடல் கல்லடி உப்போடைக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் தொடங்கிய பாடசாலையின் வளவில் அடக்கம் செய்யப்பட்டது.

எழுதி வைத்தவர்கள்

யாழைத் தேடியபோது சுவாமிகளின் கையில் இருந்தவை பழைய பாட்டின் சொற்கள் மட்டுமே. கேட்டறிய ஒரு குரலும் உயிரோடு இல்லை. எமது நிலை அப்படியல்ல. எமது முதியவர்கள் இன்னும் திண்ணையில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேட்பதற்கு ஆள்தான் குறைவு.

கேட்டவர்கள் சிலர் இருந்தார்கள் என்பது எமது பாக்கியம். பண்டிதர் வீ.சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்ற நூலில் இப்பகுதியின் நாட்டுப்பாடல்களுக்கும் இடம் கொடுத்தார். நிந்தவூரைச் சேர்ந்த சட்டத்தரணியும் எழுத்தாளருமான எஸ். முத்துமீரான் கிழக்கிலங்கை முஸ்லிம் கிராமங்களின் கவிகளையும் பழமொழிகளையும் ஊர் ஊராகச் சேகரித்து நூல்களாக்கினார். பெரியநீலாவணையில் 1931இல் பிறந்து 1975இல் மறைந்த கவிஞர் நீலாவணன், எமது வயல் வாழ்க்கையையே ‘வேளாண்மை’ என்ற காவியமாகப் பாடினார். அவர் மறைந்தபின் 1982இல் அது நூலாக வந்தது. ஒருவர் பண்டிதர், ஒருவர் சட்டத்தரணி, ஒருவர் பாடசாலை ஆசிரியர். தமிழரும் முஸ்லிமும் இதில் பங்கெடுத்தார்கள் என்பதையும் கவனியுங்கள். கவி யாருக்கும் தனிச்சொத்தாக இருந்ததில்லை.

பெண்களின் பங்கையும் மறந்துவிடக்கூடாது. பரணில் ஆண்கள் பாடினால் வீட்டில் பெண்கள் பாடினார்கள். முஸ்லிம் தாய்மாரின் தாலாட்டில் அல்லாஹ்வின் பெயரும் நபிகளாரின் பெயரும் வயலும் வாழையும் ஒன்றாக வரும். கலியாண வீட்டில் குரவை இடுவதும் அவர்களே. இளைஞர்கள் வட்டமாக நின்று கம்புகளைத் தட்டி ஆடும் பொல்லடிக்கும், பக்கீர்பாவாக்கள் தாயிராவைத் தட்டிப் பாடும் பைத்துக்கும் எமது கிராமங்களில் தனி இடம் இருந்தது. நாம் அன்று பேசிய வீட்டில், முதியவரின் மகள் தமது உம்மாவின் தாலாட்டு ஒன்றை முழுமையாக வைத்திருந்தார். இடம்பெயர்ந்து வந்து பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருந்த நாட்களில், பயந்து அழுத பிள்ளையை அந்தத் தாலாட்டுத்தான் உறங்க வைத்ததாம். “கையில ஒண்டுமில்லாம வந்த நாங்க. அது மட்டும் வாயில இருந்திச்சு” என்றார்.

வெட்கப்பட்ட பாட்டு ஒரு கட்டடம் கட்டியது

வெகு தொலைவில் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். ஆபிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுபோகப்பட்ட மக்கள் அமெரிக்காவின் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக அடிமைகளாக இருந்தார்கள். நிலமில்லை, பெயருமில்லை, பெற்ற பிள்ளைகூடச் சொந்தமில்லை. பாட்டு மட்டும் இருந்தது. விடுதலை கிடைத்தபின் அவர்களுக்காக 1866இல் நாஷ்வில் நகரில் ஃபிஸ்க் என்ற கல்விக்கூடம் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே பணமில்லாமல் மூடவேண்டிய நிலை வந்தது.

1871இல் ஒன்பது மாணவர்கள் ஒரு பாடற்குழுவாகப் புறப்பட்டார்கள். தங்கள் பெற்றோரின் அடிமைக்காலப் பாட்டுக்களை வெளியார் முன் பாட அவர்கள் முதலில் வெட்கப்பட்டார்கள். அது அவமானத்தின் பாட்டு என்றும் வீட்டுக்குள்ளே இருக்கவேண்டியது என்றும் எண்ணினார்கள். பிறகு துணிந்து பாடினார்கள். கேட்டவர்கள் கண்ணீர் விட்டார்கள். 1873இல் இங்கிலாந்து போய் விக்டோரியா மகாராணியின் முன்னும் பாடினார்கள். அந்தப் பாட்டுக்களால் சேர்ந்த பணத்தில் ஃபிஸ்கில் பெரிய கட்டடம் ஒன்று எழுந்தது. அது இன்றும் நிற்கிறது. வெட்கப்பட்டு மறைத்த பாட்டே அவர்களுடைய பிள்ளைகளின் கல்விக்கு அத்திவாரமாயிற்று.

எமது பாட்டுக்களால் கட்டடம் எழும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்த வெட்கம் எமக்குத் தெரிந்த வெட்கம்.

கேள்விக்குப் பதில்

சில வாரங்கள் கழித்து நாம் மீண்டும் வரிப்பத்தான்சேனைக்குப் போனோம். கவி என்னத்துக்கு என்று கேட்டவருக்குப் பதில் சொல்லவேண்டும் அல்லவா?

பாட்டு காணியைத் திருப்பித் தராது. இதை முதலில் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். போர் 2009இல் முடிந்தபின்னும் சொந்தக் காணியில் கால்வைக்க முடியாத குடும்பங்கள் உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல்கோள் கரையோரத்தை அழித்தபின் வேறிடம் போய்த் தங்கியவர்களும் உண்டு. அவர்களுக்கு வேண்டியது உறுதியும் நீரும் நீதியும். அந்த முயற்சி ஒருபோதும் தளரக்கூடாது.

ஆனால் முதியவர் பாடிய கவிகளைப் பேரன் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கியபோது ஒரு புதுமை நடந்தது. கவிகளுக்குள்ளே வட்டையின் பெயர் வந்தது. வாய்க்காலின் பெயர் வந்தது. எல்லையில் நின்ற மருத மரம் வந்தது. ‘இந்த மருது எங்க அப்பா நின்ற?’ என்று பேரன் கேட்க, முதியவர் தடியால் மண்ணில் கோடு கிழித்துக் காட்டினார். அந்தக் காணியைக் கண்ணால் காணாத பிள்ளைக்கு அதன் நான்கு எல்லையும் இன்று தெரியும். சட்டத்தின் முன் அது சாட்சியாகுமா என்பது வேறு விடயம். தன் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று அந்தப் பிள்ளை இனித் தடுமாறமாட்டான்.

இந்தக் குடும்பம் செய்ததை எந்தக் குடும்பமும் செய்யலாம். எமது ஆலோசனைகள் சில:

1. மாதத்தில் ஒரு மாலை, வீட்டு முதியவரோடு பிள்ளைகளை உட்காரவையுங்கள். “ஒரு பாட்டுப் பாடுங்கள்” என்று கேட்டால் வெட்கப்படுவார்கள். “வயலில் இரவில் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். பேச்சோடு பாட்டும் வரும்.

2. கைத்தொலைபேசி இருந்தால் குரலைப் பதிவுசெய்யுங்கள். கவியின் உயிர் இழுத்துப் பாடும் குரலில் இருக்கிறது. எழுத்தில் அது வராது. பின்னர் ஒரு கொப்பியிலும் எழுதி வையுங்கள். கருவி பழுதானாலும் கொப்பி இருக்கும்.

3. சொல்லைத் திருத்தாதீர்கள். பேச்சுத்தமிழில் இருந்தால் அப்படியே எழுதுங்கள். விளங்காத சொல்லுக்கு முதியவரிடமே பொருள் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. எந்த வட்டை, எந்த ஆண்டளவு, யாரிடம் பழகியது என்பதையும் எழுதுங்கள். பெண்களின் பாட்டுக்களைப் பெண்பிள்ளைகளே கேட்டு எழுதினால் தயக்கம் குறையும்.

5. பிள்ளைகள் முன் பாட விரும்பாத கவிகள் இருந்தால் பெரியவரின் விருப்பத்தை மதியுங்கள். அவற்றை வளர்ந்தவர் ஒருவர் தனியே எழுதிக்கொள்ளலாம்.

6. அயல் கிராமத்தில் உள்ள மற்றச் சமூகத்தாரிடமும் கேளுங்கள். உங்கள் கவிக்குரிய பதில் கவி அவர்களிடம் இருக்கக்கூடும்.

கடைசியாகச் சொன்ன ஆலோசனை முதியவரிடமிருந்தே வந்தது. இரண்டாம் முறை நாம் போனபோது அவர் எம்மிடம் ஒரு கவியைத் தந்தார். பல ஆண்டுகளுக்கு முன் அந்த முகம் தெரியாத தமிழ்க் குரலுக்கு அவர் பாடிய கவி அது. பேரன் அதைத் தெளிவான எழுத்தில் ஒரு தாளில் எழுதியிருந்தான்.

“கரைப்பக்கம் நீங்க போறதானே மகன். வயசாளிகளக் கண்டா இதப் பாடிக் காட்டுங்க. அவன் இருந்தா பதில் சொல்லுவான். அவன் மௌத்தாப் போயிருந்தா அவன்ட புள்ளைகளுக்காவது தெரிஞ்சிரிக்கும்.”

கவி என்னத்துக்கு என்று கேட்ட மனிதர் அவரே. நாம் யோசித்து வைத்திருந்த பதிலைச் சொல்லவேண்டிய தேவை ஏற்படவில்லை. தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டோம். கரையோரக் கிராமங்களில் நடக்கும் எமது கூட்டங்களுக்கு அதைக் கொண்டுபோகிறோம். இதுவரை பதில் கிடைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் அதைப் பாடிக் காட்டியதும் யாரோ ஒரு முதியவர் வேறொரு கவியைத் தொடங்கிவிடுகிறார். அவற்றையும் எழுதி வரிப்பத்தான்சேனைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். பேரனின் கொப்பி நிரம்பி வருகிறது.